புதுக் கட்சிக்குத் தனிக் கட்டுரை உண்டா? கேள்வி பதில்

தேர்தல் வாடை அடித்தால் போதும், தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியாவின் புதுக் கட்சிகளுக்குப் பக்கங்கள் முளைக்கத் தொடங்கிவிடும். எழுதுபவர் பெரும்பாலும் கட்சிக்காரர். நீக்கல் வார்ப்புரு (பக்கத்தை நீக்கக் கோரும் அறிவிப்பு) போடுபவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பார், ம.இ.கா.வுக்கும் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) அதிலிருந்து நீக்கப்பட்டவர் தொடங்கிய ஐ.பி.எஃப்.புக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்புறம் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சண்டைதான். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து எழுதும் நண்பர்கள் இதுபற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்குக்காரி. மலேசியக் கட்டுரைகளைத் துப்புரவு செய்வதுதான் விக்கிப்பீடியாவில் எனக்குப் பிடித்த வேலை.

செந்தூல் வாசகர்: அக்கா, எங்கள் கட்சி சங்கங்களின் பதிவிலாகாவில் முறைப்படி பதிவாகிவிட்டது. சான்றிதழ் கையில் இருக்கிறது. இது போதாதா?

போதாது. கட்சி இருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் கோயில் சங்கமும் பதிவாகிறது, மரண சகாய நிதிச் சங்கமும் பதிவாகிறது. அத்தனைக்கும் கட்டுரை எழுதுவதில்லையே.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீக்கச் சொல்பவர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். "பதிவே ஆகவில்லை, எடுத்துவிடுங்கள்" என்பார்கள். மலேசிய சோசலிசக் கட்சி 1998இல் தொடங்கியது. பதிவு கிடைத்தது 2008 ஜூனில். அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச் தேர்தலில், அக்கட்சியின் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் சுங்கை சிப்புட்டில் அன்றைய ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்துவிட்டார். சொந்தச் சின்னம் இல்லாததால் பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில் நின்றார். பதிவில்லாத கட்சி என்று அன்றைக்கு அதற்குக் கட்டுரை மறுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? மூடா கட்சியும் அப்படித்தான். 2020இல் தொடங்கி, நீதிமன்றம் வரை போய், 2021 டிசம்பரில்தான் பதிவு பெற்றது. அந்த இடைப்பட்ட காலத்தில் அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை.

கெப்போங் மாணவர்: ஃபேஸ்புக்கில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்றால்?

கணக்கில் வராது, தம்பி.

பட்டர்வொர்த் வாசகர்: அப்படியானால் எதுதான் கணக்கில் வரும்? எங்கள் கட்சியின் தொடக்க விழாச் செய்தி மூன்று தமிழ் நாளிதழ்களில் வந்தது. மூன்று தனித்தனிச் சான்றுகள். ஆனாலும் கட்டுரையை நீக்கிவிட்டார்கள்.

உங்கள் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிவேர். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விதி ஒரு வரிதான்: கட்சியோடு சம்பந்தமில்லாதவர்கள், நம்பத்தகுந்த இடத்தில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். குறிப்பிடத்தக்கமை என்று நாம் சொல்வது இதைத்தான். கட்சிகளுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. மற்ற அமைப்புகளுக்கு உள்ளதுதான் கட்சிக்கும்.

இதை நாளிதழ் வெட்டுத்துண்டில் எப்படிச் சோதிப்பது? ஒரு புதுக் கட்சிக்காக எனக்கு அனுப்பப்பட்ட மூன்று துண்டுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு பத்திச் செய்தி. மேலே பதாகை பிடித்தபடி ஒரு வரிசை பேர் நிற்கும் படம். கீழே உள்ள வாக்கியங்கள் எப்படி முடிகின்றன என்று மட்டும் பார்த்தேன்: "என்றார்", "கேட்டுக்கொண்டார்", "வலியுறுத்தினார்", "சூளுரைத்தார்", மறுபடியும் "என்றார்". தலைவர் வாயிலிருந்து வராத வாக்கியம் இரண்டே இரண்டு. ஒன்று மண்டபத்தின் பெயர், மற்றது தேதி. இன்னொன்றும் கண்ணில் பட்டது. "ஒருங்கிணைந்து" என்ற சொல்லில் விழுந்த எழுத்துப்பிழை மூன்று துண்டிலும் அப்படியே இருந்தது. கட்சி அனுப்பிய அறிக்கையை மூன்று இடத்திலும் அப்படியே போட்டிருக்கிறார்கள். ஆக, பார்க்க மூன்று, உண்மையில் ஒன்று. அந்த ஒன்றும் கட்சியுடையது.

இதற்காக நம் நாளிதழ்களைக் குறை சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையில் ஓடும் அலுவலகங்களில் அறிக்கை வந்தால் போடத்தான் செய்வார்கள். சமூகத்துக்கு அது ஒரு சேவையும்கூட. ஆனால் அதை வைத்துக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதினால், கட்சியின் அறிக்கையை நாமும் ஒருமுறை அச்சடித்ததாகத்தான் ஆகும்.

ஆகவே நான் செய்வது இது. கட்சி தன்னைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் ஒரு பென்சிலால் அடித்துவிடுவேன். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். யார் தொடங்கினார்கள், எந்தக் கட்சியிலிருந்து பிரிந்தார்கள், ஏன் பிரிந்தார்கள் என்று ஒரு நிருபர் தானாக விசாரித்து எழுதியிருக்கிறாரா? இடைத்தேர்தலில் அவர்கள் பிரித்த ஓட்டு யாரைப் பாதித்தது என்று யாராவது அலசியிருக்கிறார்களா? தலைவருக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்டு அதற்குக் கிடைத்த பதிலையும் போட்டிருக்கிறார்களா? அப்படி மிஞ்சுவதை வைத்து நாலைந்து பத்தி எழுத முடிந்தால் கட்டுரை உண்டு. பெயரும் தேதியும் மட்டும் மிஞ்சினால் இப்போதைக்கு இல்லை. நாளைக்கு எழுதுவார்கள் என்ற நம்பிக்கையில் இன்றைக்குப் பக்கம் திறக்க முடியாது.

பிறை, ஆசிரியை: நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆங்கில, மலாய் ஊடகங்கள் நம் சிறு கட்சிகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தமிழ் நாளிதழில்தான் வரும். அதையும் தள்ளிவிட்டால் நம் அரசியல் வரலாறு எங்கேதான் பதிவாகும்?

டீச்சர், இதை நானும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: சான்று எந்த மொழியில் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. மக்கள் ஓசையிலோ மலேசிய நண்பனிலோ வந்த ஒரு நல்ல அரசியல் அலசலுக்கும் ஆங்கில நாளிதழ்க் கட்டுரைக்கும் ஒரே எடைதான். நான் தள்ளுவது அறிக்கையை, தமிழை இல்லை.

அடுத்தது, சான்று இணையத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதைத் தெரியாமல்தான் நம் ஆட்கள் பாதிப் போரைத் தோற்கிறார்கள். தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோனது. அத்தனை ஆண்டு அரசியல் செய்தியில் இணையத்தில் தேடினால் கிடைப்பது எவ்வளவு? அந்தத் தாள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அதுவும் சான்றுதான். ஆனால் வெட்டும்போது பக்கத்தின் மேல் விளிம்பையும் சேர்த்து வெட்டுங்கள். நாளிதழின் பெயர், தேதி, பக்க எண், தலைப்பு, எழுதியவர் பெயர் எல்லாம் வேண்டும். தேதி இல்லாத வெட்டுத்துண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அப்பா சேர்த்து வைத்தது என்று பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகிறார்கள், ஒன்றிலும் தேதி இருக்காது. வயிறு எரியும்.

பழைய கட்சிகளைத் தேடுகிறீர்கள் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்க் களஞ்சியத்தைப் பாருங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இரண்டும் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. மலாயா காலத்துச் சிறு கட்சிகள் அங்கே நிறையவே அகப்படும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: தலைவர் பிரபலமானவர் என்றால் கட்சிக்கும் தானாகக் கட்டுரை வந்துவிடுமா?

தானாக வராது. தலைவரின் புகழ் தலைவருடையது. ஆனால் நடைமுறையில், பிரபலமானவர் கட்சி தொடங்கினால் ஊடகம் பின்னாலேயே போகும். சான்று சேர்ந்துவிடும்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறதே. பேராசிரியர் பி. இராமசாமி 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வர். ஜ.செ.க.வை (ஜனநாயக செயல் கட்சி) விட்டு வெளியேறி, 2023 நவம்பரில் 'உரிமை' கட்சியைத் தொடங்கினார். பதிவு மறுக்கப்பட்டது, விவகாரம் நீதிமன்றம் போனது. வேடிக்கை என்னவென்றால், பதிவை மறுத்ததே கட்சியைப் பற்றிச் சுயேச்சையான செய்திகள் வரக் காரணமாகிவிட்டது. அறிக்கைக்குப் பதில் வழக்குச் செய்தி வந்தது. அக்கட்சிக்குத் தனிக் கட்டுரை தகும் என்பதே என் எண்ணம். எம்.ஜி. பண்டிதன் 1988இல் ம.இ.கா.விலிருந்து நீக்கப்பட்டு 1990இல் ஐ.பி.எஃப். தொடங்கிய கதையும் கிட்டத்தட்ட இதே வகைதான்.

தலைவருக்குக் கட்டுரை இருந்து, கட்சிக்குப் போதிய சான்று இல்லை என்றால், தலைவர் கட்டுரையில் ஒரு பத்தி எழுதி, கட்சியின் பெயரைத் தேடினால் அங்கே போகும்படி வழிமாற்று கொடுங்கள். தேடுபவர் வந்து சேர்ந்துவிடுவார். இதைக் கட்சிக்காரர்கள் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை. யாரும் படிக்காத, மேலே மூன்று எச்சரிக்கைப் பெட்டி தொங்கும் தனிப் பக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: எங்கள் வேட்பாளர் சட்டமன்றத் தேர்தலில் நின்று வைப்புத்தொகை இழந்தார். தோற்ற கட்சிக்குக் கட்டுரை கிடையாதா?

வெற்றி தோல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத்துக்கு 5,000. 2022 பொதுத் தேர்தலில் முன்னாள் பிரதமர் மகாதீரே லங்காவியில் வைப்புத்தொகையை இழந்தார். அவருடைய பெஜுவாங் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. அதற்காகக் கட்டுரையை யாராவது நீக்குவார்களா?

அதேபோல், 5,000 வெள்ளி கட்டி நின்றதாலேயே கட்டுரை கிடைத்துவிடாது. தேர்தல் ஆணைய முடிவுப் பட்டியலில் பெயர் இருப்பது நல்ல தரவு. அந்தத் தொகுதியின் கட்டுரையில் உள்ள முடிவு அட்டவணையில் சேர்க்கலாம். தேர்தலில் நின்ற கட்சி எல்லாவற்றுக்கும் கட்டுரை வேண்டும் என்று வாதிடும் நண்பர்களும் உண்டு. வாக்குச்சீட்டில் பார்த்த பெயரை வாக்காளர் தேடுவார், அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் சத்து இருக்கிறது. ஆனால் தேடி வந்த வாக்காளர் படிக்கப்போவது கட்சியின் துண்டறிக்கையைத்தான் என்றால் அவருக்கு நாம் செய்தது நல்லதா?

ஷா ஆலாம் வாசகர்: கலைந்துபோன கட்சிகள்?

ஒருமுறை தகுதி பெற்றால் பெற்றதுதான். கலைந்ததால் போகாது. 1953இல் ஈப்போவில் தொடங்கி, சீனிவாசகம் சகோதரர்கள் வளர்த்த பி.பி.பி.யின் (மக்கள் முற்போக்குக் கட்சி) பதிவு 2019இல் தலைமைத் தகராறால் ரத்தானது. ரத்தானதும் அதன் வரலாற்றில் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான்.

செராஸ் வாசகர்: அக்கா, நான் ஒரு புதுக் கட்சியின் இளைஞர் பிரிவில் தகவல் பொறுப்பாளர். கட்டுரை எழுதச் சொல்லித் தலைவர் உத்தரவு. எழுதலாமா?

நீங்கள் உண்மையைச் சொல்லிக் கேட்டதற்கே நன்றி, தம்பி. பொதுவெளியில் நேரடியாக எழுதாதீர்கள். உங்கள் பயனர் பக்கத்தில் இன்ன கட்சியில் இன்ன பொறுப்பு என்று போடுங்கள். சம்பளமோ படியோ வாங்கினால் அதைச் சொல்லாமல் எழுதுவது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளுக்கே புறம்பானது. 2014 முதல் இருக்கும் விதி. பிறகு மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கம்) வரைவை வைத்து, ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

வரைவில் "மக்களின் குரலாக ஒலிக்கும்", "சமுதாயத்தின் விடிவெள்ளி" போன்றவை இருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு வேலை மிச்சம். தலைவருக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: கட்டுரை வந்துவிட்டால் அது கட்சியின் கையில் இருக்காது. நாளைக்குப் பொருளாளர் பிரிந்துபோய்ப் பேட்டி கொடுத்தால் அதுவும் சான்றோடு உள்ளே வரும். அழிக்கச் சொல்லி அப்போது வரக்கூடாது. இதைக் கேட்டதும் ஆர்வம் வடிந்துபோன தலைவர்கள் உண்டு.

ஜெலுத்தோங் வாசகர்: ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் இருக்கிறதே, மொழிபெயர்த்தால் முடிந்தது இல்லையா?

அங்கே இருப்பது இங்கே அனுமதிச் சீட்டு ஆகாது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முடிவு. ஆனால் அங்கே அடியில் உள்ள சான்றுகளைத் திறந்து படியுங்கள். அதுதான் உண்மையான பயன். அங்கேயும் பென்சில் சோதனை செய்யுங்கள்.

செந்தூல் வாசகர் (மறுபடியும்): நீக்கல் வார்ப்புரு போட்டாகிவிட்டது. ஆதரவாக ஓட்டுப்போட எங்கள் கிளை உறுப்பினர்களைக் கணக்குத் தொடங்கச் சொல்லவா?

தயவுசெய்து வேண்டாம். அங்கே தலை எண்ணுவதில்லை, காரணத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரே நாளில் பிறந்த பத்துக் கணக்குகள் வந்து "இக்கட்டுரை மிக அவசியம்" என்று எழுதினால் நிருவாகிகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, கட்சி அனுப்பாமல் வந்த இரண்டு நல்ல செய்திகளைத் தேடிப் பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். பத்துப் பேர் செய்ய முடியாததை அந்த இரண்டு செய்யும். கிடைக்கவில்லையென்றால், வரைவை உங்கள் பயனர்வெளிக்கு (உங்கள் கணக்கின் கீழுள்ள பக்கத்துக்கு) நகர்த்தித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள்.

கிள்ளான் வாசகர்: கட்சிச் சின்னத்தை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றினேன், அழித்துவிட்டார்கள். ஏன்?

சின்னத்துக்குக் காப்புரிமை உண்டு. பொதுவகம் கட்டற்ற உரிமத்தில் உள்ளவற்றை மட்டுமே ஏற்கும். நியாயப் பயன்பாடு என்ற காரணம் குறிப்பிட்டு, சிறிய அளவில், தமிழ் விக்கிப்பீடியாவிலேயே ஏற்றுங்கள். ஆனால் கட்டுரை நிலைத்த பிறகு ஏற்றுங்கள். எந்தக் கட்டுரையிலும் பயன்படாத நியாயப் பயன்பாட்டுப் படத்தையும் அழித்துவிடுவார்கள்.