முதலில் சுவிட்சைப் பாருங்கள், பிறகு பல்பு வாங்கலாம்

கேள்வி: வணக்கம் ஐயா. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். கைப்பேசியில் இயக்கும் ஸ்மார்ட் பல்புகள் நான்கும், அவற்றை இணைக்கும் ஹப் என்ற சிறு பெட்டியும் சேர்ந்த செட் சலுகை விலையில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: செட் இப்போது வேண்டாம், அம்மா. ஒரே ஒரு பல்பு வாங்குங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் எந்த சுவிட்சை யார் தட்டுகிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

ஸ்மார்ட் பல்புக்கு மின்சாரம் எப்போதும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்கும்போதும் உள்ளே இருக்கும் ரேடியோ விழித்திருந்தால்தான் செயலி சொல்வது அதற்கு எட்டும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் ரேடியோவும் சேர்ந்து அணைந்துவிடும். அறையை விட்டு வரும்போது விளக்கை அணைப்பது உங்கள் மாமியாரின் நெடுநாள் பழக்கமாக இருக்கும். அது நல்ல பழக்கம். "அத்தை, சுவிட்சைத் தொடாதீங்க" என்று சொல்ல வைக்கும் எந்தப் பொருளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடு அவருக்கும் உரியது.

ஆகவே ஹாலையும் சமையலறையையும் அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் பயன்படுத்தும் படுக்கையறை மேசை விளக்கில் தொடங்குங்கள். திருகி மாட்டும் இ27 வகையா, அழுத்தித் திருப்பும் பி22 வகையா என்று பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள். இரண்டுமே இங்கே புழக்கத்தில் உள்ளன. வெளிச்சத்துக்கு வாட் எண்ணைப் பார்க்காமல் லூமன் எண்ணைப் பாருங்கள். சுமார் 800 லூமன் என்றால் பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் உள்ள இடத்தில் மட்டும் மாட்ட வேண்டாம்.

ஒரு பல்புக்கு ஹப் தேவையில்லை, வைஃபை வகையே போதும். பெரும்பாலான வைஃபை பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இணையும். முதல் நாளே "பல்பு கெட்டுப்போச்சு" என்று திருப்பி அனுப்புவதற்கு முன் ரௌட்டரில் அந்த அலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்புகள் பெருகும்போது, வைஃபைக்குப் பதிலாக ஜிக்பி என்ற ரேடியோ முறையில் பேசும் வகைக்கும் அதற்கான ஹப்புக்கும் போகலாம். பிலிப்ஸ் ஹியூவும் ஐக்கியாவும் அந்த வழியில் வந்தவைதான். பெட்டியில் மேட்டர் சின்னம் இருந்தால் கூடுதல் நல்லது. 2022இல் வந்த இந்தப் பொதுத் தரம், வெவ்வேறு நிறுவனப் பொருள்களை ஒரே செயலியில் சேர்க்க உதவுகிறது.

செயலியில் மறக்காமல் ஒன்றைச் சரிசெய்யுங்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது பல பல்புகள் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரியும். இடி மின்னலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகள் விழித்து அழ அது ஒன்றே போதும். 'முன்பிருந்த நிலை' என்று மாற்றி வையுங்கள்.

சாமி அறை விளக்கைப் பொழுது சாயும்போது தானாக எரிய வைக்கலாமே என்று பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது. ஏழு மணிக்கு எரியும்படி நேரம் குறித்தாலே போதும், அதற்காக விலை கூடிய பொருள் தேவையில்லை.

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் சொந்த வீடு. பல்புகளை விட்டுவிட்டு சுவிட்சையே ஸ்மார்ட்டாக மாற்றலாமா? நானே மாட்ட முடியுமா?

பதில்: குடும்பமாக வாழும் வீட்டுக்கு அதுவே சரியான வழி. கையால் தட்டினாலும் எரியும், கைப்பேசியிலும் எரியும். ஆனால் நம் நாட்டு வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் லைவ் ஒயர் மட்டுமே வந்து போகிறது. மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயர் மேலே விளக்கோடு நின்றுவிடும். நியூட்ரல் கேட்கும் சுவிட்சை அங்கே மாட்ட முடியாது. நியூட்ரல் இல்லாத வகை, தான் விழித்திருக்கத் தேவையான சிறு மின்சாரத்தை விளக்கின் வழியே எடுத்துக்கொள்கிறது. அதனால் குறைந்த வாட் எல்இடி விளக்குகள் அணைத்த பிறகும் மங்கலாக எரியலாம், மினுக்கலாம். அதைத் தடுக்க விளக்கின் பக்கம் ஒரு சிறு கெப்பாசிட்டரை இணைக்க வேண்டியிருக்கும்.

நீங்களே மாட்டாதீர்கள். ஓடுவது 230 வோல்ட். பதிவு பெற்ற ஒயர்மேனை அழைத்து, வாங்குவதற்கு முன்பே சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை இல்லாத சுவிட்ச் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சுவருக்குள் வருடக்கணக்கில் இருக்கப்போகும் பொருள் அது. வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் எல்லா சுவிட்சுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஸ்மார்ட் பல்பு இரண்டே மாதத்தில் எரியாமல் போனது. ஒரு வருட உத்தரவாதம் என்றவர் இப்போது பதிலே தருவதில்லை. பூச்சோங் வாசகர்.

பதில்: விற்பனைப் பக்கத்தில் உத்தரவாதம் பற்றி இருப்பதையும், பணம் கட்டிய ரசீதையும், நீங்கள் அனுப்பிய செய்திகளையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். பக்கம் நாளைக்கு இருக்காது. எழுத்தில் ஒரு கெடு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் பணம் வசூலிப்பது கடினம். அடுத்த முறை உள்நாட்டு முகவரியும் உள்நாட்டு உத்தரவாதமும் தருகிறவரிடமே வாங்குங்கள், நாலைந்து வெள்ளி கூடினாலும் பரவாயில்லை.