டொமைன் பதிவைத் தானியங்கியாக்கும் முன் கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள்

கேள்வி: ஹட்டனில் சிறிய கணினிக் கடை நடத்துகிறேன். ஒரு பெரிய நிறுவனத்திடம் ஹோஸ்டிங் (இணையத்தளங்களை வைக்கும் இடம்) வாங்கி, எல்ல, பண்டாரவளைப் பக்கத்து விடுதிகள், ரியூசன் வகுப்புகள், சில கோயில்கள் என எண்பது வாடிக்கையாளர்களுக்கு விற்கிறேன். டொமைன் பெயர்களை, அதாவது தள முகவரிகளை, ஒவ்வொன்றாகக் கையாலேயே பதிகிறேன். அண்மையில் ஒரு விடுதிக்காரர் இரவு பணம் கட்டினார். காலையில் நான் பதியப் போனபோது அந்தப் பெயரை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். கொழும்பிலுள்ள ஒருவர் 45,000 ரூபாய் தந்தால் எல்லாவற்றையும் தானியங்கியாக்கித் தருவதாகவும், தன்னுடைய மொத்தக் கணக்கின் கீழ் .கொம் பெயரை ஆண்டுக்கு 1,500 ரூபாய்க்கே தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா? இழந்த பெயரை மீட்க வழி உண்டா?

பதில்: தானியங்கியாக்குங்கள்; எண்பது வாடிக்கையாளர் உள்ள ஒருவர் இன்னும் கையால் பதிந்துகொண்டிருப்பதற்குக் காரணமே இல்லை. ஆனால் அந்தக் கொழும்புக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அவர் 45,000 ரூபாய்க்கு விற்க முயலும் இணைப்பு, டபிள்யூ.எச்.எம்.சி.எஸ். போன்ற, வாடிக்கையாளர் கட்டணங்களைக் கையாளும் மென்பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருளுக்கு மாதக் கட்டணம் உண்டு என்பது உண்மையே. ஆனால் ஓப்பன்.எஸ்.ஆர்.எஸ்., ஈநொம், ரிசெலர்கிளப் போன்ற பதிவாளர்களுக்கான (டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனங்களுக்கான) இணைப்பு அதனுடனேயே வருகிறது. பதிவாளரிடம் உங்கள் பெயரில் மீள்விற்பனைக் கணக்கைத் திறந்து, அவர்கள் தரும் ஏபிஐ சாவியை (இரு மென்பொருள்கள் தாமே பேசிக்கொள்ள உதவும் இரகசியக் குறியீட்டை) உரிய பெட்டியில் ஒட்டி, உங்கள் சேவையகத்தின் ஐ.பி. முகவரியைப் பதிவாளரின் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் அடிப்படை வேலை முடிந்தது. பின்னொரு நாள் சேவையகத்தை மாற்றினால் அந்த ஐ.பி.யையும் மாற்ற வேண்டும். அதை மறப்பவர்களின் பதிவுகள் ஓசையில்லாமல் நின்றுபோகின்றன.

இனி அந்த 1,500 ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். .கொம் பெயர்கள் அனைத்துக்கும் மூலப் பதிவகமான வெரிசைன் நிறுவனம் பதிவாளர்களிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டெம்பரில் 10.26 டொலராக உயர்ந்தது. டொலரை 300 ரூபாயாக வைத்தாலும் அது மூவாயிரத்தைத் தாண்டும். பாதி விலைக்கு விற்பவர் தன் கையிலிருந்து போட்டு உங்களுக்கு உதவி செய்ய வரவில்லை. முதலாண்டில் விட்டதை அவர் இரண்டாம் ஆண்டின் புதுப்பித்தலில் பிடிப்பார், அல்லது நீங்கள் விலக முயலும்போது பெயரைப் பிடித்துவைத்துக்கொண்டு வசூலிப்பார். காணி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி உறுதியைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் தரகரைப் போன்றவர் இவர். வரி கட்டுவது நீங்கள், விற்கும் உரிமை அவருக்கு.

இந்த மோசடி வெளியில் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஹூயிஸ் பதிவேட்டில் யாரும் ஒரு பெயரின் உரிமையாளரைப் பார்க்கலாம். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த பிறகு உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டே காட்டப்படுகிறது. ஆகவே உங்கள் வாடிக்கையாளரின் விடுதி டொமைன் அவருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதா, இடைத்தரகரின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொதுத் தேடலில் நீங்கள் அறிய முடியாது; டொமைனை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் நுழையக்கூடியவருக்கு மட்டுமே அது தெரியும். பலகத்தின் கடவுச்சொல்லைத் தராத எவரிடமும் டொமைன் வாங்காதீர்கள். ஏற்கெனவே அப்படி ஒருவரிடம் சில பெயர்கள் சிக்கியிருந்தால், பதிவாளர் நிறுவனம் எது என்பதைப் பொதுத் தேடல் இன்றும் காட்டும். அந்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள். பெயருக்குரியவர் அதை வேறு பதிவாளரிடம் கொண்டுபோகத் தேவையான இடமாற்றக் குறியீட்டைக் கேட்டால் பதிவாளர் அதை ஐந்து நாள்களுக்குள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. விதி நல்ல விதிதான். ஆனால் பதிவேட்டில் இருப்பதே தரகரின் பெயரென்றால், உரியவர் நான்தான் என்று நிரூபிப்பதற்குள் ஒரு சுற்றுலாப் பருவமே போய்விடும். மீள்விற்பனையாளர்களுக்கு ஐகான் நேரடியாக அங்கீகாரம் தருவதில்லை, பதிவாளர்களுக்கு மட்டுமே தருகிறது. இடையில் நிற்கும் தரகர் மீது கைவைக்க யாருக்கும் அக்கறையில்லை.

பதிவு எப்போது ஓட வேண்டும் என்பதே நீங்கள் எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு. அட்டையில் பணம் கட்டினால் கட்டண நுழைவாயில் உறுதிப்படுத்திய அதே நிமிடத்தில் மென்பொருள் பெயரைப் பதிந்துவிடும். விடுதிக்காரருக்கு நேர்ந்தது போன்ற இரவு இடைவெளி இராது. ஆனால் மலையகத்து வாடிக்கையாளர்களில் பலர் வங்கியில் பணத்தை வைப்பிலிட்டு, சிட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து விலைச்சிட்டையில் ‘கட்டப்பட்டது’ என்று அழுத்தாதீர்கள். ஒரே சிட்டின் படத்தை மூன்று கடைகளுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை வந்ததைக் கண்ட பிறகே அழுத்துங்கள். பதிந்த பெயரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது நடைமுறையில் கிடைக்காத ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழையும் இதே காரணத்தால் ஆபத்தானது. சரஸ்வதி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தி’க்கு எச் சேர்ப்பார் ஒருவர், சேர்க்கமாட்டார் இன்னொருவர், முடிவில் ஐ போடுவார் ஒருவர், ஒய் போடுவார் மற்றவர். கையால் பதியும்போது நீங்கள் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுக்கொள்வீர்கள். இயந்திரம் கேட்காது. எனவே பெயரை வாடிக்கையாளரே தட்டச்சுச் செய்யட்டும், கட்டணப் பக்கத்துக்கு முன் அது பெரிய எழுத்தில் மறுபடி தெரியட்டும்.

அடுத்தது வைப்பு மீதி. பதிவாளர் உங்களுக்குக் கடன் தரமாட்டார். முன்கூட்டியே டொலரில் இட்ட தொகையிலிருந்தே ஒவ்வொரு பதிவுக்கும் கழிப்பார். மீதி போதாவிட்டால் வாடிக்கையாளரின் பணம் உங்களிடம் வந்திருக்கும், விலைச்சிட்டை ‘கட்டப்பட்டது’ எனக் காட்டும், டொமைன் மட்டும் ‘நிலுவையில்’ என்று கிடக்கும். பிழை வந்ததென்று மென்பொருள் அனுப்பும் மின்னஞ்சல் விளம்பரங்களுக்கு நடுவில் புதைந்துபோகும். குறைந்த மீதி எச்சரிக்கையைத் தொலைபேசிக்கு வரும்படி வையுங்கள். அடுத்த 45 நாள்களில் புதுப்பிக்க வேண்டிய பெயர்கள் அனைத்துக்கும் போதுமான தொகை எப்போதும் கணக்கில் இருக்கட்டும். நம் வங்கிகளின் அட்டைகள் வெளிநாட்டுக் கொடுப்பனவை எந்த நேரத்தில் மறுக்கும் என்பது வங்கி முகாமையாளருக்கே தெரியாத நிலையில், கடைசி நாளில் பணம் இடலாம் என்றிருப்பது துணிச்சலல்ல, அசட்டுத்தனம். வாடிக்கையாளரிடம் விலையை ஓராண்டுக்கு மட்டுமே பேசுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியபோது, ஐந்தாண்டுக்கு ரூபாயில் விலை உறுதி கொடுத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பதிந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. புதிய .கொம் பெயரின் உரிமையாளருக்குப் பதிவாளர் ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் அனுப்புவார். 15 நாள்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் பெயர் இடைநிறுத்தப்படலாம், தளமும் மின்னஞ்சலும் சேர்ந்தே நிற்கும். அந்த மின்னஞ்சல் ஆங்கிலத்தில், வாடிக்கையாளர் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் வரும். தெரியாத இணைப்பை அழுத்தாதே என்று நாமே சொல்லிக்கொடுத்திருப்பதால் அவர் அதை அழித்துவிடுவார். ஆதலால் பதிவு நடந்த அன்றே, இன்ன பெயரிலிருந்து இப்படியொரு கடிதம் வரும், அதை அழுத்துங்கள் என்று தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வாட்ஸ்அப் செய்தி தானாகவே போகும்படி செய்யுங்கள். இந்தத் தொல்லையைத் தவிர்க்க எல்லாப் பெயர்களுக்கும் தங்கள் மின்னஞ்சலையே போட்டுவிடும் மீள்விற்பனையாளர்கள் உண்டு. அது நான் மேலே திட்டிய தரகரின் வேலையேதான். அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலையும் உரிமையாளர் முகவரியாகக் கொடுக்காதீர்கள். பெயர் காலாவதியானால் அந்த அஞ்சலும் வேலை செய்யாது, எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேராது.

புதுப்பித்தலில் பணம் வந்தவுடன் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள், நாள்தோறும் ஓடும் ஒத்திசைவுப் பணியையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் மென்பொருளில் உள்ள காலாவதித் தேதியும் பதிவாளரிடம் உள்ள தேதியும் வேறுபட்டுப்போகும். .கொம் பெயர் காலாவதியான பின் பதிவாளர் விடும் சலுகைக் காலம் அதிகபட்சம் 45 நாள். அது முடிந்து நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குப் பெரிய தண்டப் பணம். பின்னர் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். தளமோ காலாவதியான சில நாள்களிலேயே நின்றுவிடும்.

இலங்கைக்குரிய .எல்கே பெயர்களை மேற்சொன்ன எதிலும் சேர்க்காதீர்கள். அவற்றை 1990 முதல் நிர்வகிப்பது எல்.கே. டொமைன் பதிவகம். ஐகானின் 15 நாள் சரிபார்ப்பு விதியோ இடமாற்றக் குறியீட்டு விதியோ அங்கே பொருந்தாது. உங்கள் பதிவாளரின் விலைப்பட்டியலில் .எல்கே என்றிருந்தாலும் அதை .கொம் போல நினைக்க வேண்டாம். பாடசாலைகளுக்கும் விடுதிகளுக்கும் அரச அலுவலகங்களுக்கும் தனித்தனி உட்பிரிவுகள் உள்ளன. தகுதி இருந்தால்தான் அவை கிடைக்கும், அந்தத் தகுதியை ஏபிஐ சரிபார்க்காது. எனவே மென்பொருளில் .எல்கே வரிசைக்கு எதிரே தானியங்கிப் பதிவை ‘இல்லை’ என்று வையுங்கள். கட்டளை வந்ததும் உங்களுக்கு ஓர் அறிவிப்பு வரட்டும், நீங்கள் கையால் விண்ணப்பியுங்கள். கட்டளையை ஏற்றுக்கொண்டதாக மென்பொருளில் அழுத்துவதால் பெயர் பதிவாகிவிடாது. திரையில் பச்சை நிறத்தைக் கண்டு வாடிக்கையாளர் பெயர்ப்பலகை அடித்துவிடக் கூடாது. காலாவதித் தேதியையும் ஒத்திசைவு தானாகக் கொண்டுவராது என்றே எண்ணி நீங்களே பதிந்துவையுங்கள்.

இதில் தோட்டப் பாடசாலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விண்ணப்பம் அதிபரின் பெயரில், அதிபரின் சொந்த மின்னஞ்சலில் போகும். இரண்டு ஆண்டில் அவர் இடமாற்றம் பெற்று மஸ்கெலியாவிலிருந்து பதுளைக்குப் போவார், கடவுச்சொல்லும் அவருடனேயே போகும். புதிய அதிபர் உங்களிடம் வருவார், நீங்கள் பதிவகத்துக்கு எழுதுவீர்கள், பதிவகம் கடிதத் தலைப்பில் கையொப்பம் கேட்கும், வலயக் கல்விப் பணிமனையில் கோப்பு ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்கு நகரும், அதற்குள் புதுப்பிக்கும் நாள் கடந்துவிடும். ஆகவே பதவிக்கென ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அதன் மீட்பு எண்ணாகப் பாடசாலை அலுவலகத் தொலைபேசியைக் கொடுத்து, அதன் பிறகே விண்ணப்பியுங்கள். கோயில் பரிபாலன சபைகளுக்கும் இதுவே. நிர்வாகத் தேர்தலுக்குப் பின் பழைய செயலாளரைத் தொலைபேசியில் பிடிப்பது இடமாறிய அதிபரைப் பிடிப்பதிலும் கடினம்.

இழந்த பெயரைப் பொறுத்தவரை, பெயர் கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அதை ஒதுக்கிவைக்காது. பதிவு ஓடிய நொடியில்தான் அது உரிமையாகிறது. அந்த விடுதிக்காரரின் பெயர் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம் என்றால் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் முறையிடலாம், ஆனால் ஒரு பெயருக்கான கட்டணமே 1,500 டொலர். சின்னம் இல்லாத ஒரு விடுதிக்கு அது வீண் செலவு. பெயரை எடுத்தவர் விலை சொல்லி எழுதினால் பதில் போடாதீர்கள். ஆவல் தெரிந்தால் விலை ஏறும். விடுதிப் பெயருடன் ஊர்ப் பெயரைச் சேர்த்து ஒரு .கொம்மும், வெறும் பெயரில் .எல்கேயும் கிடைக்கிறதா என்று இன்றே பார்த்து, அவர் கட்டிய பணத்தைக் கொண்டே ஒன்றைப் பதிந்து கொடுங்கள்.