பருப்பு வேகாத தண்ணீர்

அன்புள்ள சார்,

என் அப்பா முப்பது வருடம் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர், அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஆனாலும் டேனரிக் கழிவு கலந்து கெட்டுப்போன பாலாற்றைப் பார்த்தால் கோபம் வருகிறது. நண்பர்களோ, 'உணர்ச்சிவசப்படாதே, எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்' என்கிறார்கள். நியாயம் எது என்று முடிவு செய்யும்போது உணர்ச்சியை ஒதுக்கிவைக்க வேண்டுமா?

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். நெற்றிக்குப் பின்னால் மூளையின் ஒரு பகுதி அடிபட்டு, இரக்கமும் குற்றவுணர்வும் மங்கிப்போன சிலரிடம், ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரை உன் கையாலேயே தள்ளிக் கொல்வாயா என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். 2007இல் வந்த ஆய்வு அது. மற்றவர்களைவிட அவர்கள் அதிக முறை 'சரி, தள்ளலாம்' என்றார்கள். அவர்களுக்கு அறிவு குறையவில்லை. கை கூசவில்லை, அவ்வளவுதான்.

வாணியம்பாடிக்குப் பக்கத்தில், டேனரிக் கழிவு இறங்கிய என் பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. விடிகாலையில் அடுப்பில் ஏற்றியது பத்து மணிக்கும் விரலில் நசுங்காமல் உருளும், பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குப் போய் நிற்பார். உங்கள் நண்பர்கள் போடும் கணக்கில் அந்தக் குடம் எங்கே இருக்கிறது? யாராவது பார்த்து வயிறு எரிந்தால்தான் அது கணக்கிலேயே ஏறும். அப்படி மனம் பொறுக்காமல் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பில் ஏறியது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை ஒப்புக்கொண்டேதான், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆனால் என் கோபத்துக்கும் ஒரு குறை இருந்தது, அது பெரியம்மாவின் கிணற்றடியைத் தாண்டிப் போகவே இல்லை. டேனரிக்காரர்கள் என்று எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, பாஷை தெரியாது, அதனால் அழுகையும் தானாக வரவில்லை. கிணற்றைக் கெடுத்த அதே கழிவுதான் இவர்களையும் கொன்றது என்று உட்கார்ந்து யோசித்த பிறகுதான் மனசு அங்கே போனது. அன்றிலிருந்து 'மூடு' என்று கத்துவதை நிறுத்திவிட்டு, கழிவை எங்கே கொட்டுகிறீர்கள், அதன் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

அப்பாவிடம் இதைப் பேசியிருக்கிறீர்களா? முப்பது வருடம் அந்தத் தண்ணீரில் நின்றவர் அவர். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.