கடல் தடுப்புச் சுவர் கட்டினால் கடலரிப்பு நின்றுவிடுமா?

சுவருக்குப் பின்னால் உள்ள நிலத்தை அது காக்கும். முன்னால் உள்ள மணலைக் காக்காது என்பதே என் பதில். புதுச்சேரிக் கடற்கரையைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன் என்பதால், அதை வைத்தே விளக்குகிறேன்.

கடல் தடுப்புச் சுவர் என்பது கரையோரமாக, கரைக்கு இணையாக எழுப்பப்படும் அரண். அதைக் கான்கிரீட்டில் செங்குத்தாகவோ, மோதும் அலையைக் கடலுக்கே திருப்பி வீசும்படி வளைவாகவோ கட்டுவதுண்டு. புதுச்சேரியில் காந்தி சிலையை ஒட்டி நாம் காண்பதுபோல் கருங்கற்களைச் சரிவாக அடுக்குவதும் உண்டு. கல் அடுக்கின் வலிமை பெரிதும் அதன் இடைவெளிகளில்தான் இருக்கிறது. மோதும் அலை அந்த இடுக்குகளில் புகுந்து, நுரைத்து, வேகத்தை இழக்கிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் அங்கே நின்றால், அலை பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் கற்களின் அடியிலிருந்து நீர் உறிஞ்சப்படும் ஓசை கேட்கும். அந்த நீரோடு உட்புற மண்ணும் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகவே பெரிய கற்களுக்கு அடியில் சிறு கற்களையும், அவற்றுக்கும் அடியில் நீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டித் துணியையும் இடுகிறார்கள். அந்த அடியடுக்கு சரியாக அமையாத இடத்தில், சுவர் நின்றுகொண்டிருக்கும்போதே அதன் பின்னால் தரை உள்வாங்கிவிடும்.

சரிவான மணற்கரையில் அலை ஏறி, பரவி, தானாகவே தளர்ந்துவிடும். சுவரில் மோதும் அலைக்கு, அதிலும் செங்குத்துச் சுவராக இருந்தால், அந்த வாய்ப்பு இல்லை. அது திரும்பி வந்து சுவரின் காலடி மணலைத் தோண்டுகிறது. மணல் குறையக் குறைய அங்கே ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலைகள் சுவரை நெருங்குகின்றன. கற்கள் சரிவதும், அவற்றின் மேல் மீண்டும் கல் கொட்டுவதும் இதனால்தான்.

மணல் முதலில் ஏன் குறைந்தது என்பதே முதன்மையான கேள்வி. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் கரையோரமாக வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும்படி கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்ததும் இதே காரணத்தால்தான்.

கற்சுவர் புதுச்சேரிக்குத் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 2004 ஆழிப்பேரலையின்போது பழைய நகரப் பகுதி பெருஞ்சேதமின்றித் தப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. சாலையும் கட்டடங்களும் கடலோரத்திலேயே இருக்கும் ஊரில் வேறு வழியும் குறைவு. ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் அரிப்பு கூடுகிறது. அங்கேயும் கல், அதற்கடுத்த ஊரிலும் கல் என்று நகரத்துக்கு வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் அது நீண்டுகொண்டே போனது. கல் விழுந்த குப்பத்தில் படகை மேலேற்ற இடமில்லை, கரைவலை இழுக்க முடியாது, வலையும் மீனும் உலர்த்த மணலில்லை. வீடு தப்பினாலும் தொழிலுக்கான இடம் போய்விடுகிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2010களின் இறுதியில் புதுச்சேரித் தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலை கரைக்கு வருமுன்பே அதன் மேல் உடைந்து தளர்வதால், பல்லாண்டுகளாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் மக்கள் மீண்டும் மணலில் இறங்கி நடந்தார்கள். மணலைத் தங்கவைக்கும் இத்தகைய வழியையே, இன்னும் கடற்கரை மிச்சமிருக்கும் ஊர்களில் முதலில் முயல வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் ஊருக்குச் சுவர் கேட்டு மனு எழுதுவதானால், சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த ஊருக்கு என்ன ஏற்பாடு, அருகிலுள்ள துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரும் மணல் எங்கே கொட்டப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.