அலுவலகத்தில் பெண்கள் குழு, பணியாளர் குழு என்று தொடங்குவதால் உண்மையில் ஒட்டுதல் வருமா?

கேள்வி கேட்டவர் ஐடி கம்பெனியில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். பெண்களுக்கு ஒரு குழு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு குழு என்று ஈஆர்ஜி, அதாவது பணியாளர்கள் தங்களுக்குள் சேர்ந்து நடத்துகிற குழுக்கள், ஆரம்பித்திருக்கிறார்களாம். சேரச் சொல்லி எச்ஆர் மெயில் மேல் மெயில் போடுகிறதாம். இதில் சேர்ந்தால் ‘இது நம்ம இடம்’ என்ற நினைப்பு வருமா, இல்லை போட்டோவுக்கு நிற்கத்தானா என்று கேட்கிறார்.

வரும். ஆனால் அந்தக் குழு கேட்டு ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். அதுவரைக்கும் வராது.

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நண்டு கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கிற ஆள். பாக் நீரிணையில் பிடிபடும் நீலக்கால் நண்டை அவித்து, உடைத்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்கிற வேலை. சதை எடுக்கிற மேசையில் எல்லாரும் பெண்கள். தங்கச்சிமடம், வேதாளை, பெரியபட்டினம் என்று ஊர் ஊராக வேன் போய்க் கூட்டி வரும். உள்ளே போகும்போது வளையல், தோடு, பூ எதுவும் கூடாது. ஒரு முடி வெளியே தெரியாமல் தொப்பி, மாஸ்க், ஏப்ரன், கம்பூட்ஸ். செல்போன் லாக்கரில். இதெல்லாம் சாப்பிடுகிற பொருளின் சுத்தத்துக்காக. அதைக் கண்காணிப்பதுதான் என் வேலை, அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் தொப்பியில் நிறம் உண்டு. நிரந்தர ஆட்களுக்கு வெள்ளை, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலம். கண் மட்டும் தெரிகிற இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் அந்த நிறத்தை வைத்துத்தான் பார்க்கிறோம். ஒரு சூப்பர்வைசர் "ஏ நீலம், இங்க வா" என்றே கூப்பிடுவார். அந்தப் பெண்ணுக்கு அவர் அம்மா வயது இருக்கும்.

தலைமை அலுவலகத்திலிருந்து மகளிர் குழு தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது. மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி, கேக், குரூப் போட்டோ. வெள்ளைத் தொப்பிகள் மட்டும்தான். கான்ட்ராக்ட் ஆட்கள் ‘நம்ம ரோலில் இல்லை’, அதாவது கம்பெனியின் ஆள் பட்டியலில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அப்போது யாருக்கும் அந்த இடத்தின் மேல் புதிதாக ஒட்டுதல் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நீலத் தொப்பி அக்கா ஒருத்தர், மகன் விசைப்படகில் போகிறவன். முதல் நாள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன படகை இரவில் எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைப் பக்கம் பிடித்துப் போய்விட்டார்கள். காலையிலேயே துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்து போன் மேல் போன். போன் லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா மேசையில் நின்று நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்த பிறகுதான் தெரியும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேன் டிரைவருக்குக்கூட மத்தியானமே தெரிந்திருந்தது.

மகளிர் குழுவின் அடுத்த கூட்டத்தில் மேசையில் மூத்தவரான ஒரு லாத்தா (முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுந்து மேனேஜரிடம் கேட்டார். "உள்ளுக்குப் போன் கொண்டுபோய்ப் பேசவா கேக்குறோம் சார்? வீட்ல எழவு விழுந்தா எங்க காதுக்கு வரணும்ல?" அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோலப்போட்டிக்கு வந்த அத்தனை பேரும் அவர் பின்னால் நின்றார்கள்.

பேச்சு நீண்டது. உற்பத்தி நிற்கும், ஆளாளுக்கு வெளியே போவார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். தலைமை அலுவலகத்தில் குழுவுக்குப் பொறுப்பான அம்மா எங்கள் பக்கம் பேசிய பிறகுதான் நடந்தது. இப்போது செக்யூரிட்டி அறையில் ஒரு போன். அந்த நம்பர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, நீலத் தொப்பி வீட்டிலும். அழைப்பு வந்தால் செக்யூரிட்டி பெயரும் மேசை எண்ணும் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாக க்யூசியிடம் கொடுப்பார். நான் போய்ச் சொல்வேன். படகு விஷயமாக வீட்டுக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி முழுசாக உண்டு. கூட்டத்துக்கு இப்போது கான்ட்ராக்ட் ஆட்களும் வருகிறார்கள்.

எனக்கு வந்த முதல் சீட்டில் ‘மகள் பிளஸ் டூ பாஸ், 512’ என்று இருந்தது. கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது. பக்கத்து மேசைப் பெண் தன் கையுறையைக் கழற்றி, அந்த அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, போய்க் கை கழுவி வேறு மாட்டிக்கொண்டு வந்தார். நான் தடுக்கவில்லை, விதியும் மீறப்படவில்லை.

"சங்கம் வைக்க வேண்டிய இடத்தில் குழுவா" என்று சிலர் கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். கூலி உயர்வு, பிஎஃப், நிரந்தரம் இதெல்லாம் சங்கத்தின் வேலை, குழுவால் ஆகாது. குழுவைக் காட்டிச் சங்கத்தைத் தடுத்தால் நானும் எதிர்ப்பேன். பாலியல் தொல்லைப் புகாரும் குழுவுக்கு வரக்கூடாது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் அந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு என்று தனியாக ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வெளிநாட்டு ஃபேஷன் என்பவர்களுக்கும் ஒன்று. 1964-ல், நம் தனுஷ்கோடி புயலில் போன அதே வருடம், அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தில் இனக் கலவரம். அந்த ஊரில்தான் ஜெராக்ஸ் கம்பெனி. அதற்குப் பிறகு கறுப்பினத்தவரை வேலைக்கு எடுத்தார்கள், ஆனால் உள்ளே வந்தவர்களுக்குப் பாகுபாடு ஓயவில்லை. 1970-ல் கறுப்பினப் பணியாளர்கள் சேர்ந்து அமைத்த குழுவைத்தான் இந்த ஈஆர்ஜிக்கெல்லாம் தொடக்கம் என்கிறார்கள். நியாயம் கேட்கத்தான் அவர்கள் கூடினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்களுக்கு வருகிற மேனேஜர்கள் பாதிப்பேர் வந்த அன்றைக்கே "எப்ப சார் டிரான்ஸ்ஃபர்" என்று கேட்கிற ஆட்கள். ராமநாதபுரம் என்றால் தண்ணியில்லாக் காடு, தண்டனை மாற்றல். அரசு வேலையிலும் இதே பேச்சுதான். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் சினிமாவில், மேடையில் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். இங்கே பிறந்து இங்கேயே உழைக்கிறவர்களின் முகத்துக்கு நேராக, ‘உன் ஊர் எனக்குத் தண்டனை’ என்கிறார்கள். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு மனசு புண்ணாகிப் போய்தான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் வேலை பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். சேருங்கள். முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி பெண்கள் இந்தக் குழுவில் உண்டா? நாம் ஒன்று கேட்டால் காசு ஒதுக்கிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரத்தில் இருப்பவர் யார், அவர் கூட்டத்துக்கு வருவாரா? பதிலை இங்கேயே எழுதுங்கள், எங்கள் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். தொப்பி நிறத்தை ஒன்றாக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு இன்னும் மேலே கிடக்கிறது.