மின்சாரம் போய் வந்தால் ராஸ்பெரி பையில் நேரம் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

ராஸ்பெரி பை என்பது ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி. அதில் பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. அணைக்கும்போதும் இடையிடையேயும் நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மறுபடி எழும்போது அதிலிருந்தே தொடரும். இணையம் இருந்தால் சரிசெய்துகொள்ளும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலிருந்துதான் ஓடும். என்னுடைய வெப்பநிலைப் பதிவுக் கருவியில் இரவு அளவுகள் எல்லாம் மாலை நேரத்தோடு பதிவாகியிருந்தன. சென்சாரைச் சந்தேகித்து இரண்டு நாள் வீண்!

தீர்வு, டிஎஸ்3231 மாதிரியான ஆர்டிசி சிப், அதாவது பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப். உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம். இரண்டின் 15ஆம் அடுக்கு அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடித் துடிப்பு. வெப்பத்தால் படிகம் தடம் மாறுவதையும் இது ஈடுசெய்வதால், சாதாரண அறை வெப்பத்தில் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். பழைய டிஎஸ்1307இல் அந்த வசதி இல்லை. அதற்கு 5 வோல்ட் வேறு வேண்டும். பையின் பின்களோ 3.3 வோல்ட்தான் தாங்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இணைப்பு ஐ2சி (இரண்டு கம்பிகளில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) வழியாக: பின் 1 மின்சாரம், 3 தரவு, 5 துடிப்பு, 9 கிரவுண்ட். ஐ2சியை இயக்கி முகவரிகளைத் தேடினால் 68 தெரியும். சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறியபின் அதே இடத்தில் ‘யூயூ’ என்று வரும். பயப்பட வேண்டாம், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்தச் சிப்பை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.

பை 5 என்றால் ஆர்டிசி போர்டிலேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் செருகினால் போதும்.