அமெரிக்காவில் பிரபலங்களின் அரசியல் கருத்துக்கு எழும் எதிர்ப்புக்குக் காரணம் நிறமா, கட்சிச் சார்பா?

இரண்டையும் முற்றாகப் பிரிக்க முடியாது. 2018 பிப்ரவரியில், அதிபர் டிரம்பை விமர்சித்த கறுப்பினக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸின் பேச்சில் இலக்கணமே இல்லை என்று பழித்த பழமைவாதச் சார்புள்ள ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியின் தொகுப்பாளர் லாரா இங்க்ராம், வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டுமாறும் சாடினார். அதே இங்க்ராம், 2020 ஜூனில், கறுப்பினத்தவர் மீதான காவல்துறை வன்முறையை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிடும் போராட்டத்தைக் கொடிக்கு அவமதிப்பாகக் கருதிப் பேசிய வெள்ளையின அமெரிக்கக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர் ட்ரூ பிரீஸுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டென வாதாடினார். இந்த முரணை நிறத்தை ஒதுக்கிவிட்டு விளக்குவது நேர்மையாகாது; அந்த இலக்கணப் பழிப்பு அரசியல் கருத்துக்கான மறுப்பே அன்று.

ஆயினும் வெள்ளை நிறம் எல்லா வேளையிலும் கேடயமாகிவிடுவதில்லை. 2003இல், ஈராக் போருக்குச் சற்று முன்பு, அதிபர் புஷ்ஷைக் குறை கூறிய டிக்ஸி சிக்ஸ் என்ற கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) இசைக் குழுவினர் வெள்ளையினப் பெண்களே. பழமைவாத ரசிகர்கள் மிகுந்த கன்ட்ரி இசை வானொலி நிலையங்கள் பலவும் அவர்களுடைய பாடல்களை ஒலிபரப்புவதை நிறுத்தின.